ரப்பர் கிழிந்தால் முழு ஆக்ஸிலையும் மாற்ற வேண்டுமா?

மழைக்காலத்துக்கு அப்புறம் வண்டியை சர்வீஸுக்கு விட்டவர்களிடமிருந்து கிட்டத்தட்ட ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது: ஆக்ஸில் பூட் ரப்பர் கிழிந்துவிட்டது, என்ன செய்வது? அதனால் இந்த இதழ் பகுதி முழுக்க அந்த ஒரு ரப்பருக்குத்தான். ஆக்ஸில் என்பது கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகும் தண்டு. அதன் இரண்டு முனையிலும் மடங்கிக்கொண்டே சுற்றுகிற ஜாயிண்ட் ஒன்று இருக்கும், சக்கரப் பக்கம் இருப்பது வெளி (அவுட்டர்) ஜாயிண்ட், கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது உள் ஜாயிண்ட். அதை கிரீஸோடு மூடியிருக்கும் மடிப்பு ரப்பர்தான் பூட். மைலேஜ் பற்றியும் டயர் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது எட்டு வருடமான சின்ன பெட்ரோல் கார். சர்வீஸ் சென்டரில் "லெஃப்ட் அவுட்டர் பூட் கிழிந்திருக்கிறது, ஆக்ஸில் அசெம்பிளியே மாற்றணும்" என்று பல ஆயிரத்துக்கு எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். தெருமுனை மெக்கானிக் "ரப்பரை மட்டும் மாற்றினால் போதும் சார்" என்கிறார். யாரை நம்புவது?
— வாசகர், திருப்பூர்

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், சிக்கலே அதுதான். கிழிந்தது சில நூறு ரூபாய் ரப்பர். அது காத்துக்கொண்டிருந்த ஜாயிண்ட்தான் பல ஆயிரம். ஜாயிண்ட் நன்றாக இருந்தால் புது ரப்பர், புது கிரீஸ், இரண்டு கிளாம்ப், வேலை முடிந்தது. ஜாயிண்ட் ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தால் அதன்மேல் புது ரப்பர் மாட்டுவது காசைக் கரியாக்குகிற வேலை, ஏனென்றால் சில மாதத்தில் அதே ஆக்ஸிலை மறுபடி இறக்கி மறுபடி லேபர் கொடுப்பீர்கள்.

முதலில் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத காலி இடத்தில், முடிந்தால் காம்பவுண்ட் சுவர் ஓரமாக (சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் தெளிவாகக் கேட்கும்), கண்ணாடியை இறக்கிவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள், நடுவில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள். அப்புறம் மறு பக்கம். டக் டக் டக் என்று சக்கரம் சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ப சத்தம் வந்தால் வெளிப்பக்க ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் வலது பக்கம் ஒடிக்கும்போது இடது ஜாயிண்ட் கத்தும், இடது பக்கம் ஒடித்தால் வலது. அந்தச் சத்தம் வந்துவிட்டால் ரப்பர் பேச்சுக்கே இடமில்லை, சர்வீஸ் சென்டர் சொன்னதுதான் சரி.

சத்தமே இல்லையா? அடுத்து கிரீஸைப் பாருங்கள். கிழிந்த இடத்தில் விரலை விட்டுக் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேயுங்கள். கறுப்பாக, வழவழப்பாக இருந்தால் கிழிந்து அதிக நாள் ஆகவில்லை, ரப்பர் மட்டும் போதும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். நறநறவென்று மண் தட்டுப்பட்டாலோ, பால் கலந்த காபி நிறத்தில் நீர்த்திருந்தாலோ தண்ணீரும் தூசியும் உள்ளே போய்விட்டன. அப்போது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

சர்வீஸ் சென்டர் அசெம்பிளி என்று சொல்வதையெல்லாம் மோசடி என்று சொல்ல மாட்டேன். பழைய ஜாயிண்ட்டைப் பிரித்துக் கழுவிப் போட நேரம் ஆகும், அப்புறம் அது சத்தம் போட்டால் வாடிக்கையாளர் அவர்கள் தலையில்தான் வந்து விழுவார். புதுசை மாட்டிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதிக்குக் காசு கொடுப்பது நீங்கள். அதனால் இப்படிக் கேளுங்கள்: "ஆக்ஸிலை இறக்கி, கழுவி, ஜாயிண்ட்டை எனக்குக் காட்டுங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்." ரப்பர் மாற்றினாலும் ஆக்ஸில் மாற்றினாலும் ஆக்ஸிலைக் கழற்றும் வேலை ஒன்றுதான், அதுவரைக்குமான லேபர் எப்படியும் வீணாகாது. காட்ட மறுக்கிற இடத்தில் வண்டியை விட வேண்டாம், அவ்வளவுதான்.

என் அப்பா அம்பாசடரை இருபது வருடத்துக்கு மேல் வைத்திருந்தார். "இந்த மாதிரி ரப்பர் எல்லாம் எங்க காலத்தில் கிழிஞ்சதே இல்லை" என்று கிண்டல் செய்கிறார். உண்மையா?
— வாசகி, காரைக்குடி

அப்பா சொல்வது உண்மைதான், அந்த ரப்பரே அவர் வண்டியில் கிடையாது. அம்பாசடரும் பத்மினியும் பின்சக்கரம் இழுக்கிற வண்டிகள். முன்சக்கரத்துக்கு வேலை திரும்புவது மட்டும். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டில் இருந்தது சிலுவை மாதிரியான கிராஸ் ஜாயிண்ட், அதற்கு அவ்வப்போது கிரீஸ் அடித்தால் போதும். (அதுவும் தேய்ந்தால் கியர் மாற்றும்போதெல்லாம் வண்டிக்கு அடியில் டங்கென்று அடிக்கும், அப்பாவிடம் அதையும் கேட்டுப் பாருங்கள்.)

முன்சக்கரமே வண்டியை இழுக்க வேண்டும், அதே சக்கரம் திரும்பவும் வேண்டும் என்று வந்தபோது கிராஸ் ஜாயிண்ட் தாங்கவில்லை. அதன் குணம் அப்படி: கோணம் கூடக்கூட, ஒரே வேகத்தில் சுற்றுகிற தண்டு மறுமுனையில் ஒரே வேகத்தில் சுற்றாது. 30 டிகிரி கோணத்தில் இந்தப் பக்கம் நிமிடத்துக்கு 100 சுற்று கொடுத்தால் அந்தப் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை 87-க்கு இறங்கி 115-க்கு ஏறும். வளைவில் ஸ்டீயரிங் கையில் உதறும். இதற்குத் தீர்வாக 1920-களில் ஆல்ஃபிரட் செப்பா என்கிற பொறியாளர், குழிந்த தடங்களில் உருளும் குண்டுகளை வைத்து, எந்தக் கோணத்திலும் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றுகிற ஜாயிண்ட் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். 1959-இல் இங்கிலாந்தில் வந்த மினி கார் இந்த வகை ஜாயிண்ட்டை வைத்துத்தான் ஓடியது, அதற்கப்புறம் சின்ன கார் என்றாலே முன்சக்கர இழுவை என்றாகிவிட்டது. நம் ஊரில் பெரிய அளவில் அதைக் கொண்டுவந்தது 1983-இல் வந்த மாருதி 800.

இன்றைக்கும் முன்சக்கரப் பக்கம் இருப்பது ஆறு குண்டு வைத்த அந்த ஜாயிண்ட்தான். நாற்பது டிகிரிக்கு மேல் மடங்கியும் சுற்றும். ஆனால் குண்டு உருள கிரீஸ் வேண்டும், கிரீஸ் நிற்க ரப்பர் வேண்டும், அந்த ரப்பர் ஆர்மோனியத் துருத்தி மாதிரி ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் சுருங்கிக்கொண்டே சுற்றுகிறது. வருடக்கணக்கில் அப்படி மடங்கினால் மடிப்புப் பள்ளத்தில் கீறல் விழத்தான் செய்யும்.

ஸ்டீயரிங் ஒடித்தால் சத்தம் இல்லை. ஆனால் மேட்டில் ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் வண்டி ஆடுகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. வீல் பேலன்ஸிங் இரண்டு தடவை செய்தாயிற்று.
— வாசகர், சேலம்

மூன்றாவது தடவை பேலன்ஸிங் வேண்டாம். ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது மட்டும் ஆட்டம் வந்து, காலை எடுத்தால் போய்விடுகிறது என்றால் உள்பக்க ஜாயிண்ட், அதாவது கியர்பாக்ஸை ஒட்டிய பக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும். அங்கே இருப்பது பெரும்பாலும் மூன்று உருளை வைத்த டிரைபாட் ஜாயிண்ட். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஆக்ஸிலின் நீளம் கூடிக் குறைய வேண்டும் இல்லையா, அந்த வேலையை உருளைகள் ஒரு கப்புக்குள் முன்னும் பின்னும் ஓடிச் செய்கின்றன. கப்பின் தடத்தில் பள்ளம் விழுந்தால் உருளை அதில் இடறும், அந்த இடறல்தான் ஆட்டம். இன்ஜின் மவுண்ட் போயிருந்தாலும் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உள் ரப்பர் அதிகம் மடங்குவதில்லை, அதனால் சீக்கிரம் கிழிவதும் இல்லை. ஆனால் வண்டிக்கு அடியில் உள்ளே தள்ளி இருப்பதால் கிழிந்தால் யார் கண்ணிலும் படாது.

நான் பொறியியல் படித்தவன், கருவிகள் ஓரளவு வைத்திருக்கிறேன். வெளி ரப்பரை வீட்டிலேயே மாற்ற ஆசை. சத்தம் எதுவும் இல்லை, கிழிசல் புதுசு. என்ன வரிசையில் செய்வது, எதில் கவனம் வேண்டும்?
— வாசகர், கோவை

ஆசைக்குத் தடை போட மாட்டேன், ஆனால் இது ஆயில் மாற்றுகிற வேலை மாதிரி இல்லை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள், உங்கள் வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவல் கையில் இருக்கட்டும், முறுக்கு விசை அளவெல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், என்னிடமிருந்து இல்லை.

வாங்க வேண்டியவை: உங்கள் மாடலுக்கான பூட் கிட் (ரப்பர், பெரிய கிளாம்ப், சின்ன கிளாம்ப், கிரீஸ் பாக்கெட், ஜாயிண்ட்டைத் தண்டில் பிடித்துவைக்கும் சர்க்ளிப் வளையம் இருக்க வேண்டும்), புது ஹப் நட் (சக்கரத்தின் நடுவில் ஆக்ஸில் முனையை இறுக்கும் பெரிய நட்), கொஞ்சம் கியர் ஆயில். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்ட் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். வண்டியோடு வந்த கத்திரி ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

ஹப் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும். அதன் உதடு ஆக்ஸில் பள்ளத்துக்குள் அடித்து மடக்கப்பட்டிருக்கும், அதை முதலில் நிமிர்த்திவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி, நீளமான கம்பி வைத்துத் திறக்க வேண்டும். பல சின்ன கார்களில் 30 அல்லது 32 மில்லிமீட்டர் சாக்கெட். இதில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்றுப்போவார்கள், இங்கேயே நட் அசையவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள், மானக்கேடு ஒன்றும் இல்லை.

அப்புறம் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்னால் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். கியர் ஆயிலை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆக்ஸில் வெளியே வரும்போது உங்கள் முகத்தில்தான் வடியும். லோயர் ஆர்மின் (சக்கரத் தாங்கியைக் கீழே பிடித்திருக்கும் கையின்) பால் ஜாயிண்ட்டைப் பிரித்து சக்கரத் தாங்கியை வெளிப்பக்கம் இழுத்தால் ஆக்ஸிலின் முனை ஹப்பிலிருந்து கழன்று வரும். வரவில்லை என்றால் நேரடியாக இரும்புச் சுத்தியலால் அடிக்காதீர்கள், மரையின் முனை நசுங்கிவிடும். பழைய நட்டைக் கடைசி மரையில் மாட்டி, மேலே மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலிப்பரைக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும், ஹோஸிலேயே தொங்கவிடக் கூடாது.

கியர்பாக்ஸ் பக்கம் நெம்பித்தான் எடுக்க வேண்டும். கடப்பாரையை ஆயில் சீலில் படாமல் வையுங்கள். நெம்பும்போது ஆக்ஸில் தண்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயிண்ட் கப்பிலிருந்து உருவிக்கொண்டு தனியாக வந்துவிடும், அதனால் கப்பையே நெம்புங்கள்.

ஆக்ஸில் மேஜைக்கு வந்ததும் ஒரு விஷயத்தை மேனுவலில் பாருங்கள். சில கார்களில் வெளி ஜாயிண்ட்டின் உள்வளையத்தை மென்மையான சுத்தியலால் ஓங்கித் தட்டினால் சர்க்ளிப்பைத் தாண்டிக் கழன்று வந்துவிடும். வேறு சில கார்களில் வெளி ஜாயிண்ட்டைக் கழற்றவே கூடாது என்று எழுதியிருக்கும். அப்போது உள்பக்க டிரைபாடைக் கழற்றி, உள் ரப்பரையும் உருவி, அந்த வழியாகத்தான் வெளி ரப்பரை ஏற்ற வேண்டும். அப்படிப்பட்ட வண்டியில் உள் ரப்பரையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம், அதற்கென்று மறுபடி இதெல்லாம் யார் செய்வது? டிரைபாடைக் கழற்றுமுன் தண்டிலும் டிரைபாடிலும் கப்பிலும் பெயிண்ட்டால் அடையாளம் வையுங்கள். உளியால் குறி போடுவது வேண்டாம்.

பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுசாகக் கழுவி, முழுசாகக் காய வையுங்கள். மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் புது கிரீஸ் நீர்த்துப்போகும். காய்ந்ததும் ஜாயிண்ட்டை எல்லாக் கோணத்திலும் சாய்த்து, ஒவ்வொரு குண்டையும் அதன் தடத்தையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று தேய்ந்த கோடு இருப்பது சகஜம், பயப்பட வேண்டாம். நகத்தில் தட்டுகிற குழியோ, உதிர்ந்த பரப்போ, சூட்டில் நீலம் பாய்ந்த நிறமோ இருந்தால் அங்கேயே வேலையை நிறுத்திவிட்டு ஜாயிண்ட்டோ ஆக்ஸிலோ வாங்கப் போங்கள். ரப்பர் காசு போனாலும் பரவாயில்லை.

எல்லாம் நன்றாக இருந்தால், தண்டின் பல் வரிகள் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி, அதன்மேல் சின்ன கிளாம்ப்பையும் ரப்பரையும் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பல்லின் கூர்முனை புது ரப்பரையே கீறிவிடும். கிட்டோடு வந்த கிரீஸ்தான் போட வேண்டும். வெளி ஜாயிண்ட்டுக்குப் பொதுவாக மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸ், கடையில் வீல் பேரிங்குக்கு விற்கிற கிரீஸ் இதற்கு ஆகாது. குண்டுகளுக்கு நடுவில் நன்றாக அழுத்தி நிரப்பிவிட்டு மிச்சத்தை ரப்பருக்குள் விடுங்கள். கொடுத்த அளவுக்கு மேல் திணிக்க வேண்டாம். புது சர்க்ளிப் போட்டு, ஜாயிண்ட்டைத் தட்டி ஏற்றி, க்ளிக் என்று உட்கார்ந்ததா என்று இழுத்துப் பாருங்கள்.

கிளாம்ப் மாட்டுமுன் ரப்பரின் சின்ன வாய்க்கு அடியில் மழுங்கிய திருப்புளியை விட்டு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள், மடிப்புகள் உப்பாமலும் ஒட்டிக்கொள்ளாமலும் இயல்பாக நிற்க வேண்டும். ரப்பர் உட்காரும் பள்ளத்தில் கிரீஸ் இருந்தால் கிளாம்ப் வழுக்கும், துடைத்துவிடுங்கள். காதுவைத்த கிளாம்ப் என்றால் அதற்கான இடுக்கியால் நெருக்குங்கள்.

திரும்ப மாட்டும்போது ஹப் நட் புதுசுதான், டார்க் ரெஞ்ச் வைத்துத்தான். சின்ன கார்களில் பெரும்பாலும் 150-க்கும் 250-க்கும் நடுவில் நியூட்டன் மீட்டர் கேட்பார்கள், சரியான எண் மேனுவலில். சக்கர பேரிங்கைச் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்த நட்தான், அது இறுகாமல் வண்டியைத் தரையில் உருட்டினால் பேரிங் போய்விடும். முறுக்கியதும் உதட்டை மறக்காமல் மடக்குங்கள். கியர் ஆயிலை மட்டம் பார்த்து நிரப்புங்கள். பால் ஜாயிண்ட்டை மட்டும் பிரித்திருந்தால் அலைன்மென்ட் மாறாது. மேலே சஸ்பென்ஷன் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கிழிசல் ஒரு விரல் நீளம்தான். டியூப் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனும் பேட்சும் போட்டு ஒட்டினால் நிற்காதா? இரண்டாகப் பிளந்து ஒட்டுகிற பூட் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அது எப்படி?
— வாசகர், விழுப்புரம்

பேட்ச் நிற்காது. 155/80 ஆர்13 டயர் போட்ட சின்ன கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த ரப்பர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 550 தடவை சுற்றுகிறது, வளைவில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மடங்கல். போதாததற்கு உள்ளே முழுக்க கிரீஸ். கிரீஸ் பட்ட ரப்பரில் எந்தப் பசையும் பிடிக்காது. இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் பாலித்தீன் பை கட்டுவதும் மெக்கானிக் இருக்கிற ஊர் வரை போய்ச்சேர ஆகும்.

பிளந்து ஒட்டுகிற பூட் ஆக்ஸிலைக் கழற்றாமல் மாட்டலாம் என்பதால் கவர்ச்சியாக இருக்கும். ஒட்டும் விளிம்பில் துளி கிரீஸ் பட்டாலும் தையல் விட்டுவிடும், வண்டிக்கு அடியில் கையெல்லாம் கிரீஸோடு படுத்துக்கொண்டு அந்தச் சுத்தத்தை யார் காப்பாற்றுவது? மேலும் ஜாயிண்ட்டைக் கழுவிப் பார்க்க முடியாது, உள்ளே போன மண்ணோடு சேர்த்து மூடிவைக்கிற கதைதான். விற்கப்போகிற வண்டிக்குப் போடுவார்கள். நீங்கள் ஓட்டப்போகிற வண்டிக்கு வேண்டாம்.

மழையில் தெருவில் தண்ணீர் தேங்கி, காரின் பாதிச் சக்கரம் வரை இரண்டு நாள் நின்றது. இன்ஜினில் தண்ணீர் போகவில்லை. இந்த ரப்பருக்கு ஏதாவது ஆகியிருக்குமா?
— வாசகி, வேளச்சேரி, சென்னை

முழுசாக இருக்கிற ரப்பருக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்திருந்தால், அல்லது கிளாம்ப் தளர்ந்திருந்தால், தண்ணீர் உள்ளே போய் கிரீஸோடு கலந்து துருவை ஆரம்பித்திருக்கும். வண்டியை ராம்பில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேராக நிற்கிற சக்கரத்தில் கீறல் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். சக்கர ரிம்மின் உள்பக்கத்தில் கிரீஸ் தெறித்த கோடு இருந்தால் மேற்கொண்டு தேட வேண்டியதே இல்லை. கியர்பாக்ஸ் ஆயிலையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

இதோடு ஒன்று. மழை முடிந்ததும் வாட்டர் சர்வீஸ் செய்கிற இடங்களில் துரு பிடிக்காமல் இருக்க என்று சொல்லி அடிப்பக்கம் முழுக்க டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ அடித்துவிடுவார்கள், வண்டியும் பளபளவென்று இருக்கும். ரப்பருக்கு டீசல் ஆகாது. புஷ், மவுண்ட், பூட் எல்லாம் ஊறி வலுவிழக்கும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கேட்காமலேயே அடித்துவிடுகிற இடங்கள் உண்டு.

இடது பக்கம் மட்டும் கிழிந்தது. வலது பக்கமும் சேர்த்து மாற்றணுமா?
— வாசகர், நாகர்கோவில்

கட்டாயம் இல்லை. வலது பக்கத்தை விரித்துப் பார்த்து மடிப்புப் பள்ளத்தில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், எப்படியும் கியர் ஆயில் வடித்தாயிற்று. இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

என் ஆக்ஸில் போய்விட்டது என்று உறுதியாகிவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் பழைய ஆக்ஸில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், அம்பத்தூர்

வாங்கலாம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. கழன்ற உங்கள் ஆக்ஸிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலிலேயே பெட்ரோலுக்கு வேறு, டீசலுக்கு வேறு, மேனுவலுக்கு வேறு, ஆட்டோமேட்டிக்குக்கு வேறு என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் கிடத்தி நீளத்தைப் பாருங்கள், இரண்டு முனைப் பற்களையும் எண்ணுங்கள், உங்கள் ஆக்ஸிலில் ஏபிஎஸ் வளையம் (பிரேக்குக்காகச் சக்கர வேகத்தை அளக்க உதவும் பல் வளையம்) இருந்தால் அதன் பற்களையும். வளையத்தில் பல் எண்ணிக்கை மாறினால் ஆக்ஸில் அழகாக மாட்டும், டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு மட்டும் அணையவே அணையாது.

ரப்பர் கிழியாத பழைய ஆக்ஸிலாகத் தேடுங்கள். கிழிந்து வெயிலிலும் மழையிலும் கிடந்தது என்றால் உங்களுடையதை விட அது மோசம். வெளி ஜாயிண்ட்டை மட்டும் தனியாக விற்கிறார்களா என்று ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் புதுப்பேட்டைக்குப் போங்கள், பல மாடல்களுக்குக் கிடைக்கும். புதுசு வாங்கினால் பில் போட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், இன்னும் 28 என்று கணக்குச் சொல்கிற கடையில் கேள்வி கேளுங்கள்.

போன வருடம்தான் ரப்பர் மாற்றினேன். மறுபடி அதே பக்கம் கிரீஸ் தெறிக்கிறது. ரப்பர் டூப்ளிகேட்டா?
— வாசகர், மதுரை

இருக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் கிளாம்ப்பைப் பாருங்கள். கிட்டோடு வந்த கிளாம்ப்பை ஓரமாக வைத்துவிட்டு பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டுவது நம் பக்கம் ரொம்ப சகஜம். அது சூட்டில் தளர்ந்து வழிவிடும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் திருகு கிளிப் போட்டிருந்தால் அதன் தலை துருத்திக்கொண்டு நின்று, சுற்றும்போது பக்கத்தில் எதிலாவது உரசும். ரப்பர் கிழியாமல் வாய் ஓரத்தில் மட்டும் கிரீஸ் கசிந்தால் கிளாம்ப்தான் குற்றவாளி, கிரீஸைத் துடைத்து நல்ல கிளாம்ப் மாட்டினால் தீர்ந்தது.

ரப்பரே கிழிந்திருந்தால், எங்கே கிழிந்தது என்று பாருங்கள். மடிப்பில் சுற்றுவட்டமாக என்றால் காற்று எடுக்காமலோ முறுக்கியோ மாட்டியிருப்பார்கள், அல்லது எல்லா காருக்கும் சேரும் என்று விற்கிற ரப்பரை இழுத்துப் பொருத்தியிருப்பார்கள். நேர்க்கோட்டில் வெட்டினாற்போல என்றால் மாட்டும்போது கருவி பட்டிருக்கும். ஓரம் கொறித்தாற்போல ஒழுங்கில்லாமல் இருந்தால் எலி, வண்டியை நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள்.

ஆக்ஸில் வேலை முடித்து வந்ததிலிருந்து காலையில் வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஆயில். மெக்கானிக் "கொஞ்ச நாளில் நின்னுடும்" என்கிறார்.
— வாசகர், ஓசூர்

தானாக நிற்பது கியர்பாக்ஸில் ஆயில் தீர்ந்த பிறகுதான், அதற்குள் பேரிங்கும் பல்சக்கரமும் போய்விடும். ஆக்ஸிலை உருவும்போதோ சொருகும்போதோ ஆயில் சீலின் உதட்டில் பல் பட்டிருக்கும், அல்லது ஆக்ஸில் முழுசாக உட்காராமல் கொஞ்சம் வெளியே நிற்கிறது. இந்த வாரமே திரும்பக் கொண்டுபோய் நிறுத்துங்கள். சீல் விலை பெரிதில்லை, ஆக்ஸிலை இறக்கும் வேலைதான் பெரிது, அது அவருடைய வேலையில் வந்த குறை என்பதால் அந்த லேபரை அவர்தான் ஏற்க வேண்டும். போகும்போது ஆயில் மட்டத்தைப் பார்த்து நிரப்பிக்கொண்டு போங்கள்.

இன்ஷூரன்ஸில் கிடைக்குமா?
— வாசகர், தஞ்சாவூர்

கிடைக்காது. தேய்மானத்தால் வருவதை மோட்டார் பாலிசி எடுத்துக்கொள்வதில்லை. விபத்தில் சக்கரத்தோடு சேர்ந்து ஆக்ஸிலும் அடிபட்டால் அது வேறு.

சத்தம் பல மாதமாக இருக்கிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியே ஓட்டினால் என்ன ஆகும்? ஆட்டோமேட்டிக் கார்.
— வாசகர், ஊட்டி

ஒருநாள் ஜாயிண்ட்டுக்குள் குண்டுகளைப் பிடித்துவைத்திருக்கும் கூடு உடையும், அல்லது தண்டு கழன்றுகொள்ளும், வண்டி இருந்த இடத்தில் நின்றுவிடும். சுற்றை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் எப்போதும் எளிதாகச் சுற்றுகிற பக்கத்துக்குத்தான் சுற்றைக் கொடுக்கும், அதனால் ஒரு பக்கம் உடைந்தால் மறு பக்கச் சக்கரமும் இழுக்காது. இன்ஜின் மட்டும் உறுமும்.

ஊட்டியில் இருந்துகொண்டு ஆட்டோமேட்டிக் ஓட்டுகிற உங்களுக்கு இன்னொன்று. கியரை பி-யில் (பார்க்) போட்டால் வண்டி நிற்பது கியர்பாக்ஸுக்குள் இருக்கிற பூட்டினால்தான், அது சக்கரத்தைப் பிடிப்பது இதே ஆக்ஸில்கள் வழியாகத்தான். ஒரு ஆக்ஸில் உடைந்துவிட்டால் பி-யும் பிடிக்காது, சரிவில் வண்டி உருளும். பல மாதம் சத்தம் கேட்டுக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டுவது சரியில்லை, இந்த வாரமே மாற்றுங்கள், அதுவரை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, சக்கரத்தை நடைபாதைக் கல்லோரம் ஒடித்து வையுங்கள்.

அடுத்து எலெக்ட்ரிக் கார்தான் வாங்கப்போகிறேன். இந்தத் தொல்லையெல்லாம் அதில் இருக்காதே?
— வாசகி, புதுச்சேரி

இன்ஜின் ஆயில் இருக்காது, கிளட்ச் இருக்காது. இந்த ரப்பர் இருக்கும். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போவது இதே வகை ஆக்ஸில்தான், அதே ஜாயிண்ட், அதே கிரீஸ். சொல்லப்போனால் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையையும் கொடுப்பதால் ஜாயிண்ட்டுக்கு வேலை கூடுதல். ஆயில் மாற்ற வேண்டியதில்லை என்பதால் வண்டி ராம்பில் ஏறுகிற தடவையும் குறையும், யாரும் அடியில் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதனால் டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடப் போகும்போது சக்கரம் கழன்றிருக்கிற அந்த இரண்டு நிமிடத்தில் ரப்பரை விரித்துப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.